நாவரசர் நடந்த வழி: திருக்கழுக்குன்றம் முதல் திருவான்மியூர் ஈறாக

தேவார ஆசிரியர் மூவரும் தலந்தோறுஞ் சென்று இறைவனைப் பாடிய வரலாற்றை யாம் பலகாலும் ஓதி வருகின்றோம். ஓதுங்கால் தலங்களின் பெயர்கள் நம் நாவில் நிற்கின்றன; ஒரு தலத்துக்கும் அடுத்த தலத்துக்கும் இடையே கிடந்த நிலமோ நம் நினைவில் நிற்பதில்லை. காடும் கழியும் கல்லும் முள்ளுமாய்க் கிடந்த அந்நிலத்தை அப்பெருமக்கள் கடந்தே வந்தனர் என்பதை மறந்துவிடின், அவர் வரலாறு வெறும் பெயர்ப்பட்டியலாய்ச் சுருங்கிவிடும். ஆதலின், அத்தகைய இடைநிலம் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

ஆளுடைய அரசுகள் காஞ்சிமாநகரிலே தங்கித் திருமாற்பேறு முதலிய தலங்களை வணங்கிய பின்னர், திருக்கழுக்குன்றத்தை அடைந்து தமிழ்மாலை சாத்தி, பக்கத்தேயுள்ள பல பதிகளையும் தொழுது போய், பெருங்கடல் சூழ்ந்த திருவான்மியூரின் மருங்கை அணைந்தார் என்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கின் பொருள். ஒரே திருவிருத்தத்துள் இவ்வளவும் அடங்கிவிடுகின்றது. நிலத்தில் அளந்து பார்ப்பின், கழுக்குன்றின் அடிவாரத்திலிருந்து வான்மியூர்க் கடற்கரை வரையில், செல்லும் வழிக்கேற்ப 35 முதல் 40 கல் தொலைவாகும். நடப்பார்க்கு இரண்டு நாள் போதாது. வழியில் கோயில்தோறும் நின்று தொழுவார்க்கு மூன்று நாளும் குறைவே. இம்மூன்று நாள் நடையில் அடிகள் எவ்வழியே சென்றார், 'பல பதிகள்' என்று குறிக்கப்பட்டவை எவை என்பனவே வினாக்கள்.

இவ்வினாக்கள் இப்பகுதியில் வாழும் சைவர்க்கு வெறும் ஏட்டாராய்ச்சி அல்ல. யான் இருப்பது அஸ்தினாபுரம். பெயரளவில் பாரதக் கதையை நினைப்பிக்கும் இவ்வூர் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடைப்பட்ட புறநகர்ப் பகுதிகளுள் ஒன்று. தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32 என்ப. தெற்கே கழுக்குன்றமும் இடைச்சுரமும் கச்சூரும் இருக்கின்றன. வடக்கே வான்மியூரும் மயிலையும் ஒற்றியூரும் இருக்கின்றன. இடையே, வண்டலூர் தொடங்கிப் பல்லாவரம் வரை, ஒரு தலமேனும் பதிகம் பெற்றதாக இல்லை. சோழர் எடுப்பித்த அழகிய கற்றளிகள் இங்கே உள, பதிகம் இல்லை. இக்குறை இப்பக்கத்து அன்பர் உள்ளத்தில் நெடுங்காலமாக உறுத்தி வருவது. அக்குறையை நிரப்புதற்கு அவரவர் ஊர்க்கோயிலில் 'அப்பர் இங்கே எழுந்தருளினார்' என்று பலகை எழுதி மாட்டும் வழக்கம் இக்காலத்தில் பரவியுள்ளது. அன்பினாற் செய்வது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பு வேறு, சான்று வேறு. எது துணியத்தக்கது, எது துணியத்தகாதது என்பதை வரையறுத்துக்கொள்ளுதல் சைவப் புலமைக்குக் கடன்.

முதற்கண், சேக்கிழார் இதனை எத்துணை அறிந்து கூறினார் என்பது நோக்கற்பாலது. அவர் பிறந்தது புலியூர்க்கோட்டத்துக் குன்றத்தூர். அக்குன்றத்தூர் பல்லாவரத்துக்கு மேற்கே ஐந்தாறு கல் தொலைவிலுள்ளது. அநபாயன் எனப் பெயர்பெற்ற இரண்டாங் குலோத்துங்கன் (1133 முதல் 1150 வரை) காலத்தில் சோழநாட்டிலே முதலமைச்சராய் அமர்ந்தாரெனினும், இளமையில் அவர் கால்பட்ட நிலம் இதுவே. சோழநாட்டுத் தலங்களைப்பற்றி அவர் கேட்டறிந்தும் சென்றறிந்தும் கூறியிருத்தல் கூடும். கழுக்குன்றுக்கும் வான்மியூருக்கும் இடைப்பட்ட நிலத்தையோ தம் ஊர்ப்புறமாக அறிந்தவர். அத்தகையார் ஊர்ப்பெயர்களைக் கூறாது 'பல பதிகள்' என்று தொகுத்துக் கூறிச் சென்றது அறியாமையாலன்று. பதிகங் கிடைத்த தலங்களைப் பெயர் சுட்டியும், பதிகங் கிடையாதவற்றைத் தொகுத்தும் கூறுதல் அவர் பெரும்பான்மையும் கைக்கொள்ளும் நெறி. தாம் பிறந்த நாட்டுக்குப் பெருமை தேடும் விருப்பம் அவர்க்கு இருந்திருப்பின், இங்கே இரண்டொரு பெயரைச் செருகிவிடுதல் எளிது. அவர் செருகவில்லை. இவ்வடக்கத்தை இக்காலத்துப் பலகை எழுதுவோர் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

இனி, பதிகங்கள் அழிந்துபட்டமையையும் உடன் எண்ணல் வேண்டும். அடிகள் அருளிய பதிகங்கள் ஏழெழுநூறு, அஃதாவது 4,900 என்பது நம்பியாண்டார் நம்பிகள் வழிவந்த மரபு. இன்று நம்மிடம் இருப்பவை 312. தில்லையிலே பூட்டிய அறையுள் செல்லரித்தன போக எஞ்சியவையே இவை என்ப. இவ்வழிவின் அடையாளம் நாம் ஆராயும் வழியின் தலைப்பிலேயே காணக்கிடக்கின்றது. திருக்கழுக்குன்றத்துக்கு உரிய அடிகளின் திருத்தாண்டகத்தில் இரண்டே திருப்பாடல்கள் எஞ்சியுள்ளன, மற்றையவை போயின. வழியின் மறுமுனைக்கு அப்பால் உள்ள மயிலாப்பூருக்கு அடிகள் சென்றமையைப் புராணம் கூறுகின்றது. ஆனால் அவர் பாடிய தனிப்பதிகம் ஒன்றும் அத்தலத்துக்கு இன்று இல்லை. தலைப்பில் ஒரு பதிகம் சிதைந்தும், கடைக்கு அப்பால் ஒன்று இல்லாதும் இருக்க, இடையில் ஒன்றுமே கிடையாமை வியப்பன்று. பதிகம் இன்மை கொண்டு 'அடிகள் வந்திலர்' என்று சாதித்தலும் பொருந்தாது. பதிகம் அழிந்தது என்னும் துணைகொண்டு 'எம்மூர்க்கு வந்தார்' என்று சாதித்தலும் பொருந்தாது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

பதிகத்தாற் துணிய இயலாததை வழியாற் துணிய இயலுமோ என்பது அடுத்த ஆராய்ச்சி. பழந்தமிழ் நூல்களில் வழி அறிந்து கூறுதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஓர் இனம் உண்டு. சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்தின் நெய்தலும், வேலூரின் முல்லையும், ஆமூரின் மருதமும் வழியாக அடைவுபடச் சொல்லப்படுதல் கற்றார் அறிந்தது. நிலத்தின் இயல்பே வழியை வகுக்கின்றது என்பது அந்நூலால் நாம் பெறும் பாடம். கழுக்குன்றுக்கும் வான்மியூருக்கும் இடையே நிலம் மூன்று வழிகளுக்கு இடந்தருகின்றது.

முதலாவது கடல்வழி. கழுக்குன்றிலிருந்து கிழக்கே பத்துக்கல் அளவில் நடந்து மாமல்லபுரத்தை அடைந்து, அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே திருவிடந்தை, கோவளம் வழியாக வான்மியூர் செல்வது. இக்கரை பழமையானதன்று எனல் ஆகாது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் 2005-இல் அகழ்ந்தபொழுது, பல்லவர் காலத்துக் கட்டடத்தின் கீழே அதனினும் பழமையான செங்கற்கோயில் ஒன்று, முருகப்பெருமானுக்கு உரியதாக வெளிப்பட்டது. ஆகவே அடிகளுக்கு முன்னரே கரையில் மக்கள் வாழ்க்கையும் வழிபாடும் இருந்தன. எனினும் இவ்வழியில் ஓர் இடையூறு உண்டு. கோவளத்துக்கு அருகே கழி கடலொடு கலக்கின்றது. இக்காலத்தில் முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் அரைக்கணத்தில் கடந்துவிடுகின்றோம். பாலமில்லாக் காலத்தே ஓடமின்றிக் கடத்தல் அரிது. மழைநாளில் ஓடத்தானும் அரிது.

இரண்டாவது உள்நாட்டு வழி. கழுக்குன்றிலிருந்து மேற்கே செங்கற்பட்டுப் பக்கம் சென்று, அங்கிருந்து வடக்கே வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என வந்து, பின் கிழக்கே திரும்பிக் கடலை அடைவது. இது சுற்று வழி. நாற்பது கல்லும் ஆகலாம். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் இவ்வழி நன்கு நடைபெற்றது என்பதற்குக் கல்லே சான்று பகர்கின்றது. செங்கற்பட்டுக்குக் கிழக்கே வல்லத்தில் ஒரு குகைக்கோயில் இருக்கின்றது. மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடங்கிய வயந்தப்பிரிய அரசன் மகன் கந்தசேனன் அதனைச் செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. வடக்கே பல்லாவரத்தில் மகேந்திரனே குடைவித்த ஐந்து அறைகளையுடைய குகைக்கோயில் மலைச்சரிவிலே உள்ளது. அவன் விருதுப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள. பின்னாளில் அக்குகை இசுலாமியர் வழிபடும் இடமாக அமைந்தது. இவ்விரு குகைகளும் இவ்வழியின் இரு தலைப்பில் இருத்தல் தற்செயலன்று. அரசன் ஆளும் பெருவழி சென்ற பக்கத்திலேயே அவன் கல்லுளியும் சென்றது என்க.

இம்மகேந்திரனுக்கும் அடிகளுக்கும் உள்ள தொடர்பு அன்பர்கட்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அடிகளைச் சுண்ணாம்பு நீற்றறையிலும் கடலிலும் இடுவித்த பல்லவன், பின் சைவனாய்ப் பாடலிபுத்திரத்துப் பாழிகளை இடித்துத் திருவதிகையிலே குணதரவீச்சரம் எடுப்பித்தான் என்பது புராணம். குணபரன் என்பது மகேந்திரன் விருதுப்பெயர்களுள் ஒன்று. திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசன் புறநெறியினின்று மீண்டு இலிங்கத்தைச் சார்ந்தமையைக் குறிப்பிடுகின்றது. இவற்றை இயைத்து நோக்கிய ஆராய்ச்சியாளர் அப்பல்லவன் மகேந்திரனே என்று கொண்டனர்; அக்கொள்கை பொருத்தமுடையதே. எனவே, தம்மைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளுவித்த அரசன் பெயர் பொறித்த மலையின் பக்கமாக அடிகள் நடந்திருப்பின், அந்நடையின் பொருளே வேறு. ஆனால் இது நெஞ்சைக் கவரும் எண்ணம் என்பதற்காக மெய் என்று கொள்ளுதல் கூடாது.

பல்லாவரத்தின் தொன்மை பல்லவரோடு முடிவதன்று. 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் இங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். எழுத்தும் வழிபாடும் தோன்றுமுன்னரே மாந்தர் திரிந்த மேட்டுநிலம் இது. இன்னொன்றும் இடையே கூறிவிடுகின்றேன். சைவசித்தாந்த மகாசமாசம் 1905-இல் தோன்றுதற்குக் காரணராயிருந்தவரும், 'ஞானசாகரம்' நடத்தியவருமாகிய மறைமலையடிகள், 1911 முதல் தாம் மறைந்த 1950 வரை வாழ்ந்ததும் பல்லாவரத்திலேதான். பாடல்பெறாத ஊர் எனினும் தமிழும் சைவமும் பெற்ற ஊர் என்னலாம்.

மூன்றாவது வழியைக் காட்டுபவர் ஆளுடைய பிள்ளையார். அவர் மயிலையிலே பூம்பாவையை எழுப்பிய பின் திருவான்மியூரை வணங்கி, அங்கிருந்து திருவிடைச்சுரத்துக்கும், பின் கழுக்குன்றுக்கும், அச்சிறுபாக்கத்துக்கும் எழுந்தருளித் தில்லை நோக்கிச் சென்றார் என்பது பெரியபுராணத்து அடைவு. அடிகள் தெற்கிருந்து வடக்கே வந்தார். பிள்ளையார் வடக்கிருந்து தெற்கே சென்றார். இருவர்க்கும் பொதுவான இரு முனைகள் கழுக்குன்றமும் வான்மியூருமே. பிள்ளையார் வழியின் நடுவே இடைச்சுரம் நிற்கின்றது. அதனை இன்று திருவடிசூலம் என வழங்குவர். செங்கற்பட்டுக்குக் கிழக்கே திருப்போரூர்ச் சாலையில் ஐந்தாறு கல் அளவில் குன்றுகளின் நடுவே அத்தலம் உள்ளது. பிள்ளையார் கடற்கரையை ஒட்டி மாமல்லபுரம் வரை செல்லவில்லை. சென்றிருப்பின் இடைச்சுரம் அவர் வழியில் வாராது. கழுக்குன்றுக்கு வடமேற்கே கிடக்கும் குன்றிடை வழியாகவே அவர் இறங்கினார் என்பது தெளிவு.

இடைச்சுரம் என்னும் பெயரே வழியை அறிவிக்கின்றது. சுரம் என்பது பாலைநிலத்து அருவழிக்குப் பெயர். தலைவன் பொருள்வயிற் பிரிந்து கடக்கும் கொடுவழியைச் சங்கப்புலவர் சுரம் என்றே கூறுவர். மருதமும் நெய்தலும் சூழ்ந்த தொண்டைநாட்டின் நடுவே இப்பெயர் பெற்ற தலம் ஒன்று இருத்தல் கருதத்தக்கது. அதனினுங் கருதத்தக்கது, வடக்கே விமானநிலையத்துக்கு எதிரே நாற்குன்றின் நடுவிலுள்ள திரிசூலம். இக்காலத்தார் சூலத்தோடு இணைத்துப் பொருள் கூறும் இவ்வூர்ப்பெயர், சோழர் கல்வெட்டுக்களில் திருச்சுரம் என்று காணப்படுகின்றது. இப்பக்கமெல்லாம் புலியூர்க்கோட்டத்துச் சுரத்தூர்நாடு எனப்பட்டது. தெற்கே ஒரு சுரம், வடக்கே ஒரு சுரம். இரண்டிலும் குன்றுகளின் நடுவே சிவாலயம். திருவடிசூலமும் திரிசூலமும் இன்று ஒரே வகையாகச் 'சூலம்' ஆகிவிட்டமையும் நோக்குக. சுரம் என்னுஞ் சொல்லின் பொருள் மறந்தபின் மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லை அங்கே வைத்தனர் போலும். கல்லும் புதருமான இந்நிலத்தில் வழிச்செல்வார் அஞ்சிக் கடந்த இடங்கள் இவை என்பதற்கு இவ்விரு பெயர்களையும் ஒருங்கு வைத்து நோக்குதலே போதும்.

திருச்சுரத்துக் கோயிலும், மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும், வேளச்சேரித் தண்டீசுவரர் கோயிலும் சோழர் கல்வெட்டுக்கள் உடையன. மாடம்பாக்கத்து விமானம் யானையின் பின்புறம் போன்ற தூங்கானைமாடம். அங்குள்ள முருகப்பெருமானை அருணகிரிநாதர் திருப்புகழால் பாடியுள்ளார். வேளச்சேரி பழைய எழுத்துக்களில் வெளிச்சேரி எனப்படும். இக்கட்டடங்கள் இன்றுள்ள வடிவில் அடிகள் காலத்துக்குப் பிற்பட்டவை. ஆதலின் 'அப்பர் இக்கற்றளியை வணங்கினார்' என்று கூறுதல் காலமுரண் ஆகும். கற்றளிக்கு முன் அவ்விடங்களில் செங்கல்லும் மரமும் கொண்ட ஆலயம் இருந்திருத்தல் இயல்பே. தொண்டைநாட்டுக் கற்றளிகள் பல அவ்வாறு எழுந்தவை. அவற்றுள் எது ஏழாம் நூற்றாண்டினது என்பதை அகழ்ந்து காணுமளவும் பெயர் சுட்டுதல் அடாது.

இடைச்சுரத்திலிருந்து வான்மியூர்க்கு வடகிழக்கே நேர்கோடு ஒன்று வரைந்து பார்க்க. மாம்பாக்கம், மேடவாக்கம் ஆகியவற்றின் பக்கமாக அது செல்லும். அக்கோட்டின் குறுக்கே கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு. இதனை நீத்து இப்பகுதியின் வழியைப்பற்றி ஆராய்வது வீண். தாம்பரம், சிட்லபாக்கம், செம்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் ஒன்றன் கலங்கல் ஒன்றில் வடிந்து இறுதியில் சேரும் தாழ்நிலம் அது. அதன் நீர் ஒக்கியம் மடுவின் வழியே கோவளக் கழியை அடைகின்றது. பரந்து கிடந்த அச்சதுப்பில் கட்டடங்களும் குப்பைமேடும் ஏறியது போக எஞ்சிய பகுதியை 2007-இல் அரசினர் காப்புக்காடாக்கத் தொடங்கினர். 2022-இல் அது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அடிகள் காலத்தில் அஃது எத்துணைப் பரப்பினதாயிருந்திருக்கும் என்பதை, இன்றைக்கும் ஒரு பெருமழை பெய்தால் வேளச்சேரித் தெருக்கள் படும்பாட்டால் உய்த்துணரலாம். நிலம் தன் பழைய வழக்கை மறப்பதில்லை.

நடந்துவரும் ஒருவர் இச்சதுப்பின் நடுவே கடத்தல் இயலாது. கிழக்கே ஒதுங்கின், சதுப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்மேட்டின் வழியே போகவேண்டும்; அதற்குக் கோவளக் கழியையோ ஒக்கியத்து மடுவையோ கடக்க நேரும். மேற்கே ஒதுங்கின், மேடவாக்கத்து மேட்டைப் பற்றி வடக்கே போய் வெளிச்சேரியில் சதுப்பின் தலையைச் சுற்றிக் கிழக்கே திரும்பினால், கால் நனையாமல் வான்மியூரை எய்தலாம். கோடையில் முன்னையது கூடும். மழையில் பின்னையதே கூடும். அடிகள் இவ்வழியில் வந்த பருவத்தைப் புராணம் கூறவில்லை. எப்பருவத்திலும் தடையில்லாத வழி மேற்கு வழியே ஆதலானும், 'பல பதிகள்' என்றமையின் மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏரிப்பாசன ஊர்களின் இடையே அவர் சென்றிருத்தல் வேண்டுமாதலானும், கழுக்குன்றம், இடைச்சுரம், மேடவாக்கத்து மேடு, வெளிச்சேரி, வான்மியூர் என்னும் இம்மூன்றாவது வழியே அடிகள் நடந்த வழியாதல் தகும் என்பது என் துணிபு. பெருவழியாகிய பல்லாவர வழி, அரசர்க்கும் படைக்கும் ஏற்றதே எனினும், கடலை நோக்கிச் செல்வார்க்கு வீண் சுற்று.

'அங்ஙனமாயின் இடைச்சுரத்தை அடிகள் வரலாற்றில் சேக்கிழார் ஏன் பெயர் சுட்டிலர்?' என்று வினவலாம். மேலே கூறிய நெறியே விடை. இடைச்சுரத்துக்குப் பிள்ளையார் பதிகம் ஒன்றே உண்டு. அடிகள் பதிகம் இல்லாதவிடத்து அதுவும் 'பல பதிகளுள்' அடங்கிற்று.

இன்னுமொன்று. பிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளினார். அரத்துறை இறைவன் அருளிய சிவிகை அது. சிவிகையும் சின்னமும் அடியார் கூட்டமும் செல்லுதற்கு அகன்ற வழி வேண்டும். அத்தகைய கூட்டமே இடைச்சுரத்து வழியாகச் சென்றதெனின், அவ்வழி கொடிச்சி நடக்கும் ஒற்றையடிப் பாதையன்று. ஊர்களை இணைத்த வண்டிப்பாட்டை எனத் தெளியலாம். அடிகளோ கையில் உழவாரமும் உடலில் நீறும் அன்றி வேறொன்றும் இல்லாதவர். அவர் செல்லாத வழி இல்லை. ஆயினும் பிள்ளையாரின் கூட்டத்துக்கு ஏற்ற வழி அடிகளுக்கும் ஏற்றதே அன்றோ? மேலும், கோயில்தோறும் உழவாரப்பணி செய்வார் ஊரை விட்டுக் காட்டு வழியே போதல் இயல்பன்று.

கழுக்குன்றத்தின் பழமையைப்பற்றிச் சிறிது கூறி அப்பாற் செல்வோம். முதலாம் ஆதித்தசோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. கந்தசிட்டன் என்னும் அரசன் அத்தலத்து மூலத்தானத்துக்கு அளித்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் முன்னைப்படியே நடத்தினான். அதனை ஆதித்தன் மீண்டும் உறுதி செய்தான் என்பது அதன் பொருள். நரசிங்கன் மகேந்திரன் மகன். அவனுக்கு முன்னரே கந்தசிட்டன் அறம் அங்கே நடைபெற்றதாகலின், அடிகள் அம்மலையேறிய காலத்து அஃது அரசர் போற்றிய பழம்பதியாக விளங்கிற்று என்பதில் ஐயமில்லை. குன்றின்மேல் நாள்தோறும் உச்சிவேளையில் அமுதுண்ண இரு கழுகுகள் வந்தமையை முந்திய தலைமுறையினர் கண்ணாரக் கண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அவை வருதல் ஒழிந்தது. அம்மலையுச்சியில் நின்று வடகிழக்கே நோக்குவார்க்குக் குன்றுகளுக்கு அப்பால் வெளிறிய நீலக்கோடாகக் கடல் தோன்றும். கடலை அங்கேயே கண்ட பின்னர் அதனை நோக்கி நடந்தது அடிகளின் நடை.

வழியின் முடிவாகிய வான்மியூரைப் பிள்ளையாரும் அடிகளும் பாடியுள்ளனர். பிள்ளையார் பாடிய பதிகம் இரண்டு. அடிகள் பாடியது திருக்குறுந்தொகையாகிய ஒன்று. பிள்ளையார் பதிகங்களுள் ஒன்று வினாவுரையாய் அமைந்தது. கரையிலே ஒதுங்கும் சங்கும் இப்பியும், கழியிலே துள்ளும் மீனும் அதனுள் காட்சி தருகின்றன. இக்காலத்தார் கடல் என்றவுடன் மணற்கரையை மட்டும் நினைப்பர். அப்பதிகமோ கடலையும் கழியையும் இணைத்தே கூறுகின்றது. மேற்கே சதுப்பும் கழியும், கிழக்கே கடலுமாக இடையே மணல்மேட்டில் அமர்ந்த ஊர் வான்மியூர் என்பது இதனால் விளங்கும். நாம் மேலே நிலத்தைக்கொண்டு கூறியது பதிகத்தோடு மாறுபடாமை காண்க.

அடிகள் பதிகத்தின் போக்கு வேறு. இறைவனை வினவுதலும் தம் குறையைச் சொல்லி இரத்தலும் அதில் முதன்மை பெறவில்லை. மலரை எடுத்துக்கொண்டு விரைந்து வந்து இறைவன் திருவடியைச் சூழுங்கள், முன்செய்த பாவம் நீங்கும் என்று ஊராரை நோக்கி அழைக்கின்றார். நெடுவழி நடந்து வந்தவர், வந்த களைப்பைச் சொல்லாமல், ஊரிலேயே இருந்தும் கோயிலுக்கு வாராதாரை 'விரைந்து வருக' என்கின்றார். இக்குறிப்பு வழியை நினைந்து படிப்பார்க்கே புலனாகும். முப்பத்தைந்து கல் நடந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பவரை அழைக்கும் குரல் அது.

சரியை நெறிக்கு அடிகளை எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம் மரபு. அலகிடலும் மெழுகிடலும் மலர்கொய்தலும் சரியையாதல் போலவே, திருக்கோயிலை நாடி நடத்தலும் வலஞ்செய்தலும் காலுக்குரிய சரியையாகும். திருவங்கமாலையில் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய தொழிலை அடிகள் விதிக்குங்கால், கோயிலை வலஞ்சூழாத கால்களால் என்ன பயன் என்று கேட்கின்றார். அவ்வாறு கேட்டவர் கால்கள் பின் என்னவாயின என்பதை அன்பர் அறிவர். வான்மியூரிலிருந்து மயிலை, ஒற்றியூர், பாசூர், ஆலங்காடு, காரிக்கரை, காளத்தி எனச் சென்ற நடையே நிற்காது தொடர்ந்து, சீபருப்பதம் கடந்து, காசி கடந்து, கயிலையை நோக்கிச் சென்று, கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பால் புரண்டு முடிந்தது. ஆகவே கழுக்குன்றிலிருந்து வான்மியூர்க்கு வந்த இம்மூன்று நாள் நடை தனித்த ஒன்றன்று; கயிலை யாத்திரையின் தென்பகுதி. இங்கே தேயத் தொடங்கிய பாதமே அங்கே தேய்ந்து முடிந்தது.

இவ்வழியில் இன்று நடக்க விரும்புவார்க்கு ஒரு சொல். யான் மடத்துப் பாடசாலையில் கற்ற காலத்தில், யாத்திரை என்றால் நடையே என்னும் எண்ணம் எங்கள் ஆசிரியர்க்கு இருந்தது. பெரியபுராணத்துக்கு விரிவுரை கண்ட சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவர்கள், தலங்கள்தோறும் செல்லும் வழியையும் தொலைவையும் குறித்துச் சென்றமை, நடந்தேனும் வண்டியிலேனும் அன்பர் சென்று காணவேண்டும் என்னும் கருத்தாலேயே. இன்று கழுக்குன்றிலிருந்து இடைச்சுரம் வரை நடத்தல் இனிது. குன்றும் ஏரியும் இன்னும் உள. மாம்பாக்கம் தாண்டியவுடன் வீடுகளும் கடைகளும் நெருங்குகின்றன. மேடவாக்கத்துக்கு அப்பால் நடப்பார்க்கு ஓரமே இல்லை. ஊர்திகளுக்கு அஞ்சி நடத்தல் பழைய சுரத்தில் கள்வர்க்கு அஞ்சி நடந்ததைக் காட்டிலும் கொடிது. விடியுமுன் நடப்பின் ஒருவாறு கூடும். பள்ளிக்கரணையின் மேற்கோரத்தில் அவ்வேளையில் நாரையும் கூழைக்கடாவும் நீரில் நிற்றலைக் காணலாம். இவ்வழியில் அடிகள் கண்டவற்றுள் மாறாது நிற்பவை அப்பறவைகளே போலும்.

வான்மியூரில் மருந்தீசர் மேற்கு நோக்கி அமர்ந்துள்ளார். மேற்கிலிருந்து, அஃதாவது வெளிச்சேரிப் பக்கத்திலிருந்து, வருவார்க்கு அவர் முகமே எதிர்ப்படும். கோயிலைக் கடந்து சிறிது தொலைவு கிழக்கே சென்றால் கடல். பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் 1929-இல் திருவடி கூடி அடக்கங்கொண்ட இடமும் அக்கடற்கரை ஊரிலேயே உளது. அடிகள் பதிகம் பாடி முடித்து அங்கிருந்து புறப்பட்டு, இடப்பக்கம் மயிலைச் சோலைகளும் வலப்பக்கம் கடலும் அமைய, வடக்கு நோக்கி நடந்தார்.